எல்லைக் கோடுகளும் எளிய மக்களும்

ஆலங்குளத்தில் ஒரு துக்க வீடு. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, முற்றத்துப் பந்தலில் உறவினர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். சிவகாசியிலிருந்து வந்திருந்த ஒரு தாய், பட்டாசு ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். அவருடைய மூத்த மகள் இராசபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். இளைய மகளுக்குத் திருச்சுழிப் பக்கம் புகுந்த வீடு. பேச்சு எங்கெங்கோ சுற்றித் தேர்தலில் வந்து நின்றது. அந்தத் தாய் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "சாமி, நாங்க மூணு பேரும் ஒரே கலெக்டருக்குத்தான் மனுக் கொடுக்கிறோம். ஆனா ஓட்டு மட்டும் மூணு எம்.பி.க்குப் போடுறோம். இது என்ன கணக்கு?"

நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதோ முழு உண்மை. விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2008ஆம் ஆண்டின் மறுசீரமைப்புப்படி அவற்றுள் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய நான்கும், மதுரை மாவட்டத்துத் திருப்பரங்குன்றம், திருமங்கலம் ஆகியவற்றோடு சேர்ந்து விருதுநகர் மக்களவைத் தொகுதியாயின. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் தென்காசித் தொகுதியில் வைக்கப்பட்டன. திருச்சுழி இராமநாதபுரத்தோடு சேர்ந்தது. ஒரு மாவட்டம், ஒரு குடும்பம், மூன்று தொகுதிகள். அந்தத் தாயின் கேள்வியை நெஞ்சில் சுமந்தபடி, நம் மண்ணின் எல்லைகள் மாறி வந்த கதையைத் திரும்பிப் பார்க்க முனைந்தோம். அதில் கண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாறி மாறி வந்த எல்லைகள்

1899இல் சிவகாசிக் கலவரம் நடந்தபோது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் ஆங்கில அரசு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கியது. சாத்தூரும் சிவகாசியும் திருவில்லிபுத்தூரும் ஒரே நாளில் திருநெல்வேலியை விட்டு இராமநாதபுரத்திற்குக் குடிபெயர்ந்தன. பெயர் இராமநாதபுரம் என்றாலும் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது. சேது சீமையின் பெயரைச் சுமந்து, மதுரைக்கு மனுக் கொடுக்கப் போன கரிசல்காட்டு மனிதர்களை எண்ணிப் பாருங்கள்.

1985 மார்ச் 15 அன்று அம்மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இராமநாதபுரம் பழைய பெயரோடு நின்றது. சிவகங்கை, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆயிற்று. நம் பகுதி காமராசர் மாவட்டம் ஆயிற்று. பெயரிடுவதில் பெருமை இருந்தது. அதே பெயரிடுதலே பின்னர்ப் பகைக்கும் வித்திட்டது. 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. அவ்வாண்டே அரசு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. ஒரு பெயர்ப்பலகைக்காக அண்டை வீட்டாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்களை அந்நாட்களில் நம் பங்குகளிலும் கண்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திருச்சபையும் எல்லை வரைவதிலிருந்து விலகி நிற்கவில்லை. 1985இல் மாவட்டம் பிரிந்தது. 1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து சிவகங்கை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. பங்குகளைப் பிரிக்கும்போது, எந்தக் கிளைக் கிராமம் எந்தப் பங்கோடு சேர வேண்டும் என்று அக்கிராமத்தாரையே கூட்டிவைத்துக் கேட்டவர்கள் நம்முள் எத்தனை பேர்? அரசைக் குறை கூறுமுன் இதை நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நன்று.

வரைபவர் யார்?

தேர்தல் எல்லைகளைக் கட்சி நலனுக்காக வளைப்பது உலகம் அறிந்த நோய். 1812இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி, தம் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளை வரைந்த ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் வடிவில் நெளிந்து கிடந்தது. கெர்ரியின் பெயரையும் அப்பிராணியின் பெயரையும் ஒட்டவைத்துக் 'கெர்ரிமாண்டர்' என்று ஒரு பத்திரிகை கேலிச்சித்திரம் வெளியிட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் கெர்ரி பதவி இழந்தார். அவர் கட்சியோ அந்த நெளிந்த எல்லைகளின் துணையால் மாநில மேலவையைத் தக்க வைத்துக்கொண்டது. எல்லை வரைவது அங்கே பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களின் வேலை. ஆகவே பல மாநிலங்களில் இவ்வழக்கு இன்றும் ஓயவில்லை.

நம் நாட்டு அரசியல் சட்டத்தை ஆக்கியோர் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தனர். மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளை வரையும் பணியை ஆளுங்கட்சியிடம் விடவில்லை. அதற்கெனத் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைக்கச் சட்டம் செய்யப்பட்டது. 1952, 1962, 1972, 2002 ஆண்டுகளின் சட்டங்களின்படி நான்கு முறை ஆணையங்கள் அமைந்தன. கடைசி ஆணையத்தின் தலைவர், உச்ச நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி குல்தீப் சிங். ஒவ்வொரு மாநிலத்திலும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் அவ்வாணையத்தில் இணை உறுப்பினர்களாக இருந்தனர். கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க இயலாது. வரைவை வெளியிட்டு, மக்களின் மறுப்புகளைக் கேட்ட பிறகே இறுதி ஆணை பிறந்தது. 2008 பிப்ரவரி 19 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சிவகாசி மக்களவைத் தொகுதி என்ற பெயர் அன்றோடு மறைந்தது.

ஆணையம் செய்ததெல்லாம் நமக்கு உவப்பானது என்று சொல்ல மாட்டோம். மூன்று தொகுதிகளாகச் சிதறிய நம் மாவட்டமே சான்று. ஆயினும் ஆளுங்கட்சியின் ஆதாயத்திற்காக அக்கோடு இழுக்கப்பட்டது என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. மக்கள்தொகையைச் சமமாக்க வேண்டும் என்ற கணக்கே அதன் பின்னால் நின்றது.

எல்லையை யார் வரைந்தாலும் வாக்கு மக்களுடையது என்பதற்கும் நம் மண்ணே சாட்சி. பெருந்தலைவர் காமராசர் 1952இல் திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றார். 1957இலும் 1962இலும் சாத்தூர் சட்டமன்றத் தொகுதியில் வென்றார். 1967இல் தாம் பிறந்த விருதுநகரிலேயே போட்டியிட்டார். இளைஞர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். தோல்வியை அவர் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். சொந்த ஊர் என்ற எல்லைகூட அவருக்கு அரணாகவில்லை.

அதே 1967 தேர்தலில்தான் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1961 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட மறுவரையறையால் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. பிற மாநிலங்களின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியதே காரணம். பிறகு 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கிடையே இடங்களின் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1971இல் இந்திய மக்கள் ஏறத்தாழ 54.8 கோடி; தமிழக மக்கள் 4.12 கோடி. 2011இல் இந்தியர் 121 கோடி, தமிழகத்தார் 7.21 கோடி. அதாவது நூற்றுக்கு ஏழரையாக இருந்த நம் பங்கு ஆறாகச் சுருங்கியது. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தின் கவலை இக்கணக்கிலிருந்தே பிறந்தது.

இரண்டு ஆலங்குளங்கள்

மக்களவைக்கும் சட்டமன்றத்திற்கும் எல்லை வரையும் பேனா கட்சிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆனால் மாவட்டத்தைப் பிரிப்பதும், ஊராட்சித் தேர்தலை நடத்துவதற்கான ஏற்பாடுகளும் மாநில அரசின் கையிலேயே தங்கின. அங்கே நேர்ந்ததை விளக்க ஓர் எடுத்துக்காட்டு போதும்.

ஆலங்குளம் என்று சொன்னால் பலர் நம் ஊரை நினைப்பதில்லை. நம்முடையது அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஆலங்குளம். மற்றோர் ஆலங்குளம் தென்காசிச் சாலையில் உள்ளது; அதன் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதியும் உண்டு. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அந்த ஆலங்குளம் புதிய மாவட்டத்திற்குப் போனது. மக்களவைத் தேர்தலில் மட்டும் அது திருநெல்வேலியோடு நின்றது. நம் இராசபாளையத்தார் தென்காசி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தார் திருநெல்வேலி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர்.

பெயர்க் குழப்பத்தோடு இது முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தமிழகத்தில் 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அவ்வக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை எனத் தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றைய அ.தி.மு.க. அரசு மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்களைக் கொண்டே ஊராட்சிகளை நடத்தியது. 2019 இறுதியில் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, புதிய மாவட்டங்களில் வார்டு வரையறை முடியவில்லை என்று மீண்டும் வழக்கு. பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களை விலக்கிவிட்டு மற்றவற்றில் தேர்தல் நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

விளைவு என்ன? 2019 டிசம்பர் 27, 30 நாட்களில் நடந்த தேர்தலில் விருதுநகர் மாவட்டத்து ஊராட்சிகள் வாக்களித்தன. தென்காசி மாவட்டத்தில் அந்த ஆலங்குளத்தைச் சுற்றியிருந்த ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. இடைப்பட்ட காலத்தில்தான் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. ஊர் அடங்கிக் கிடந்த நாட்களில், பசித்தவர் போய்க் கதவைத் தட்டுவதற்குத் தம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஊராட்சித் தலைவர்கூட அங்கே இல்லை. தென்காசி மக்கள் தனி மாவட்டம் வேண்டுமென்று நெடுநாள் கேட்டு வந்தனர். அது நியாயமான கோரிக்கையே. ஆனால் கோடு போட்டவர்கள் அதன் அடுத்த வேலையை முன்கூட்டியே முடிக்கவில்லை. அதற்கான விலையை ஏழைகள் கொடுத்தனர்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. 1970க்குப் பின் 1986 வரை தமிழகத்தில் ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகளில் இரு கழகங்களும் ஆட்சியில் இருந்தன, குடியரசுத் தலைவர் ஆட்சியும் இருந்தது. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. அதன் பின்னும் 2016இல் தவறினோம். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தபோது, தி.மு.க. ஆட்சியில், மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். எல்லையை வளைப்பது கெர்ரியின் வழி. எல்லை முடியவில்லை என்று சொல்லித் தேர்தலையே தள்ளிவைப்பது நம் வழியாகிவிட்டது.

எண்ணப்படாதவர்கள்

இப்பொருளில் நம் இறைமக்களை நேராகத் தொடும் பகுதிக்கு வருகிறோம்.

தொகுதிகளையும் ஊராட்சிகளையும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்குவது இந்நாடு செய்துகொண்ட உயர்ந்த உறுதிமொழிகளுள் ஒன்று. அதை நிறைவேற்றுவது எத்தனை கடினம் என்பதை நாம் அறிவோம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் ஒருவர் தலைவராக அமர முடியவில்லை. 2006இல்தான் அங்கெல்லாம் தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்றனர். காகிதத்தில் வரைந்த ஒதுக்கீடு மனிதர் மனத்தில் இறங்கப் பத்தாண்டுகள் பிடித்தன.

2008 மறுவரையறையில் இராசபாளையம் பொதுத் தொகுதியாகி, திருவில்லிபுத்தூர் தனித் தொகுதியாயிற்று. தென்காசி மக்களவைத் தொகுதி 1967 முதல் தனித் தொகுதி. அதைப் பொதுவாக்கக் கோரிய வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட மறுத்தது. தமிழகம் இழந்த இரண்டு இடங்களுக்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் தரக்கூடாது என்று நீதிபதிகள் கேட்டது அவ்வழக்கில்தான்.

இவ்வொதுக்கீட்டின் கணக்கில் நம் தலித் கிறித்தவர் எங்கே? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தாரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஆகவே திருவில்லிபுத்தூரில் அவர் வாக்களிக்கலாம்; வேட்பாளராக நிற்க முடியாது. தம் தெரு மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவர் பதவிக்கு மனுச் செய்ய முடியாது. அதோடு முடியவில்லை. எந்தத் தொகுதியை ஒதுக்குவது என்பது பட்டியல் சாதியினரின் தொகையைப் பார்த்தே முடிவாகிறது. திருமுழுக்குப் பெற்றவர் அத்தொகையில் சேர்வதில்லை. ஒரு சேரியில் பாதிப்பேர் கிறித்தவராகப் பதிவானால், அந்த ஊரின் கணக்கே பாதியாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு இந்து தலித் சகோதரனின் உரிமையும் அதனால் குறைய வாய்ப்புண்டு.

இதன் வலியைப் பங்குத் தந்தையர் நன்கு அறிவர். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறொரு பெயர். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மகனுக்காகத் தயங்கித் தயங்கி வந்து, "சாமி, கோவில் சீட்டு வேண்டாம், நாங்க இங்க வர்றதை யாருட்டயும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிப் போன ஒரு தந்தையை நாம் மறக்கவில்லை. அவரைக் கோழை என்று சொல்ல நமக்குத் துணிவு இல்லை. நம் கல்லறைகளிலேயே தலித்துகளுக்குத் தனி இடம் ஒதுக்கிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகத் திருச்சபையில் இருந்தன. திருமுழுக்கு சாதியைக் கழுவவில்லை என்று நாமே நடந்து காட்டிவிட்டு, திருமுழுக்கால் சாதி போயிற்று என்று அரசு சொல்வதைக் கண்டிக்கிறோம். 2007இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமயத்தைப் பாராமல் பட்டியல் சாதித் தகுதி தரலாம் எனப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மேலும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. வெளியே அந்த உரிமையைக் கேட்கும் குரலுக்கு வலிமை வேண்டுமானால், உள்ளே அந்தச் சுவர்கள் இடிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூனில் வெளிவந்தது. கணக்கெடுப்பவர் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று நாம் எவருக்கும் கட்டளையிட மாட்டோம். பசியை அறிந்தவரின் மனச்சான்றை நாம் அழுத்தலாகாது. பேரரசன் அகுஸ்துவின் கணக்கெடுப்புக் காலத்தில் தங்க இடமின்றி அலைந்த ஒரு குடும்பத்தை ஆண்டுதோறும் குடில் கட்டி நினைக்கிறோம். எண்ணப்படுவோரின் அச்சம் நமக்கு அந்நியமானதல்ல.

ஆனால் சில செயல்கள் நம் கைக்கு எட்டியவை. வார்டு வரையறைக்கான வரைவு வெளியாகும்போது மறுப்புக் கூற நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வறிவிப்பு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, எவரும் படிக்காமலே கிழிந்து போகிறது. அதைப் படித்து, ஒரு தெரு இரண்டாக வெட்டப்பட்டிருந்தால் எழுதிக் கொடுக்க ஒவ்வொரு பங்கிலும் இரண்டு மூன்று இளைஞர் போதும். கிராமசபைக் கூட்டம் கூடும் நாளில், கோவில் வேலையைக் காரணம் காட்டி நம் மக்களை நாமே தடுக்காமல் இருப்பதும் ஒரு தொண்டே. தேர்தல் தள்ளிப்போகும்போது, நம் கட்சி ஆள்கிறதா எதிர்க்கட்சி ஆள்கிறதா என்று பாராமல் "ஏன்?" என்று கேட்கவும் பழக வேண்டும். தத்தம் கட்சி ஆளும்போது அந்தக் கேள்வி பலர் வாயில் வருவதில்லை என்பதைப் பங்குப் பேரவைகளிலேயே பார்த்திருக்கிறோம்.

அந்தத் துக்க வீட்டுத் தாயை மறுமுறை சிவகாசியில் சந்தித்தபோது, மக்கள்தொகைச் சமன்பாட்டையும் 2008 ஆணையையும் இயன்றவரை எளிமையாக விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி சாமி, மூணு எம்.பி. இருக்கட்டும். ஆலையில வெடிச்சா மூணு பேர்ல யாரு வருவாங்க?" என்றார். விபத்து நடந்த பட்டாசு ஆலை ஒரு தொகுதியில் இருக்க, உயிரிழந்தவரின் வீடு வேறொரு தொகுதியில் இருப்பது இப்பகுதியில் புதிதன்று. இரு தொகுதியாரும் வர வேண்டும் என்பதே நம் விடை. வராதபோது மூவருக்கும் சேர்த்து ஒரே மனு எழுத, நாம் அவருக்கு உதவுவதாக வாக்களித்துத் திரும்பினோம்.